பிளாந்தினா அம்மையாரின் சாட்சி

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் எனக்கு அளித்த பொருள் "நம்பிக்கையும் அஞ்சாமையும்" என்பது. தொடக்கக் காலக் கிறித்தவ இரத்தசாட்சிகளுள் ஒருவரை எடுத்துக்கொண்டு பேசுமாறு பணித்தனர். யாரைத் தேர்வது என்பதில் எனக்குத் தயக்கம் எழவில்லை. அப்பட்டியலில் ஆயர்கள் உளர், படைவீரர்கள் உளர், செல்வக் குடியில் பிறந்த பெண்டிரும் உளர். அவர்தம் பெருமையைப் பேச வல்லார் பலர். நான் ஓர் அடிமைப் பெண்ணைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அவள் பெயர் பிளாந்தினா. கி.பி. 177ஆம் ஆண்டில், இன்று பிரான்சு நாட்டிலுள்ள லியோன் நகரத்தில் கொல்லப்பட்டவள்.

"அவள்" என்று தொடங்கிவிட்டேன். ஆயரை "அவர்" என்றும் அடிமையை "அவள்" என்றும் சொல்லுவது நம் நாவில் ஏறிவிட்ட பழக்கம். வயது முதிர்ந்த நம் பாட்டன் பாட்டியரைச் சிறுபிள்ளைகளும் ஒருமையில் அழைத்த ஊர்களிலிருந்து வந்தவர்கள் நாம். ஆதலின் திருத்திக்கொள்கிறேன். பிளாந்தினா அம்மையார் என்றே இனிக் கூறுவேன்.

இம்மன்றத்தில் கிறித்தவர்களும் இருக்கிறீர்கள், பிற நெறியினரும் இருக்கிறீர்கள். சமய வேறுபாடு இவ்வரலாற்றைக் கேட்பதற்குத் தடையாகாது. முதலில் "சாட்சி" என்னும் சொல்லைச் சற்று எண்ணிப் பாருங்கள். இரத்தசாட்சி, வேதசாட்சி, மறைசாட்சி என்று தமிழ்க் கிறித்தவர் எவ்வாறு வழங்கினும், எல்லாவற்றிலும் நிற்பது சாட்சி என்னும் ஒரே சொல். மூலமாகிய கிரேக்கச் சொல்லுக்கும் அதுவே பொருள். வழக்கு மன்றத்தில் நின்று கண்டதையும் அறிந்ததையும் சொல்லுபவன் எவனோ அவனுக்குரிய பெயர் அது. துன்பம் தாங்குபவன் என்பது அச்சொல்லின் முதற்பொருளன்று. இதனை நினைவில் வைத்துக்கொண்டு கேட்குமாறு வேண்டுகிறேன். ஏனெனில், உரோமைச் சட்டத்தில் அடிமையின் சாட்சியத்திற்கு ஒரு தனி விதி இருந்தது. அடிமையின் வாய்ச்சொல்லை மன்றம் அப்படியே ஏற்பதில்லை. அவனை வதைத்து, வதையின்போது வாங்கிய வாக்குமூலம்தான் செல்லும். உரிமையுள்ளவன் சொன்னால் அது சொல். அடிமையின் உடம்பை முறுக்கினால்தான் உண்மை வரும் என்று பெரிய சட்ட அறிஞர்களைப் பெற்ற அந்நாடு நம்பியிருந்தது.

நிகழ்ந்த இடத்தைச் சொல்லுகிறேன். ரோன் ஆறும் சோன் ஆறும் கூடுமிடத்தில் அமைந்தது லியோன். அந்நாளில் அதற்கு லுக்தூனம் என்று பெயர். கால்லியா என வழங்கிய அப்பெருநிலப்பரப்பில் அதுவே தலைமையான நகரம். வாணிகத்தின்பொருட்டுச் சின்ன ஆசியாவிலிருந்தும் பிரிகியாவிலிருந்தும் வந்து குடியேறியோர் அங்கே பலர். அவர்களிடையே கிறித்தவ சமயம் பரவியிருந்தது. தெற்கே வியன் என்னும் ஊரிலும் ஒரு சிறு சபை இருந்தது. துன்பம் வந்து ஓய்ந்தபின், எஞ்சியிருந்தவர்கள் நடந்தவற்றையெல்லாம் கிரேக்க மொழியில் ஒரு நீண்ட கடிதமாக எழுதி, ஆசியாவிலும் பிரிகியாவிலும் இருந்த சபைகளுக்கு அனுப்பினர். அக்கடிதத்தின் பெரும்பகுதியை நான்காம் நூற்றாண்டில் யுசேபியு என்னும் ஆயர் தமது திருச்சபை வரலாற்றின் ஐந்தாம் நூலில் சேர்த்து வைத்தார். பிளாந்தினா அம்மையாரைப் பற்றி நாம் அறிவன அதன் வழியாகவே வந்தவை. பிற்காலத்தார் இட்டுக்கட்டிய கதைகள் இரத்தசாட்சிகளைப் பற்றி மலிந்து கிடக்கின்றன. இது அத்தகையதன்று, உடனிருந்தோர் எழுதியது.

துன்பம் எவ்வாறு தொடங்கிற்று என்பதை அக்கடிதம் வரிசையாகக் கூறுகிறது. முதலில் வாளும் விலங்கும் வரவில்லை. கிறித்தவர்கள் பிறர் வீடுகளுக்குள் வரலாகாது என்றார்கள். பின்னர்ப் பொதுக் குளிப்பிடங்களுக்கு வரலாகாது என்றார்கள். அதன்பின் நகர மன்றாகிய சந்தை வெளிக்கு வரலாகாது என்றார்கள். இறுதியில் எவ்விடத்திலும் தலைகாட்டலாகாது என்றாயிற்று. வீடு, நீர், சந்தை: இம்மூன்றிலிருந்தும் விலக்கி வைத்தல் என்பது என்னவென்று இம்மன்றத்தில் அமர்ந்திருக்கும் முதியோர்க்கு நான் விளக்க வேண்டுவதில்லை.

விலக்கியபின் கூச்சலிட்டனர், அடித்தனர், கல்லெறிந்தனர், பொருளைப் பறித்தனர். பிறகு அதிகாரிகள் அவர்களைப் பிடித்து வந்து மக்கள்முன் விசாரித்து, ஆளுநர் வரும்வரை சிறையில் அடைத்தனர். ஆளுநர் முன்னிலையில் வெத்தியு எப்பகாத்து என்னும் உயர்குடி இளைஞர் எழுந்து, எங்களிடம் குற்றம் ஏதுமில்லை என்பதை எடுத்துரைக்க இடம் தாருங்கள் என்று கேட்டார். கூட்டம் ஆரவாரம் செய்தது. ஆளுநர் இடம் தரவில்லை. நீயும் கிறித்தவனா என்று மட்டும் கேட்டார். ஆம் என்றவுடன் அவரையும் குற்றவாளிகளோடு சேர்த்துவிட்டார். நீதி கேட்கச் சென்றவனையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் வழக்கம் மிகப் பழையது என்று தெரிகிறது.

இனி, நிகழ்ச்சியின் நடுவிடத்திற்கு வருகிறோம். கிறித்தவக் குடும்பங்கள் சிலவற்றில் கிறித்தவரல்லாத அடிமைகள் இருந்தனர். அவர்களும் பிடிபட்டனர். தங்கள் கண்ணெதிரே நடந்த வதைகளைக் கண்டு அஞ்சி, வீரர்கள் தூண்டவே, கிறித்தவர்கள் மறைவிடத்தில் பிள்ளைகளைக் கொன்று தின்கிறார்கள் என்றும், முறைதவறிக் கூடுகிறார்கள் என்றும் அவர்கள் வாக்குமூலம் கொடுத்துவிட்டனர். இச்செய்தி பரவியதும் அதுவரை ஓரளவு அடங்கியிருந்த அயலாரும் வெறிகொண்டனர். அந்த அடிமைகளை நான் இழித்துரைக்க மாட்டேன். அடிமையின் சொல் வதையில்தான் செல்லும் என்று விதித்தவர்கள், வதையை எண்ணிய அளவில் அவன் உளறிய பொய்யையும் உண்மையென்று எடுத்துக்கொண்டார்கள். குற்றம் விதியை ஏற்படுத்தியவர்களுடையது.

இந்நிலையில்தான் பிளாந்தினா அம்மையாரை வதைக்கூடத்திற்குக் கொண்டுவந்தனர். அவருடைய தலைவியும் கிறித்தவப் பெண்மணி, அவரும் பிடிபட்டிருந்தார். அடிமையும் தலைவியும் ஒரே சிறையில் இருந்தனர். இவ்விடத்தில் அக்கடிதம் ஒளிக்காமல் சொல்லும் ஒரு செய்தி என் நெஞ்சை எப்போதும் தைப்பதுண்டு. நாங்கள் எல்லாரும் அவரைக் குறித்து அஞ்சினோம் என்று எழுதுகிறார்கள். உடல் மெலிந்த இந்தப் பெண் துணிந்து அறிக்கையிட மாட்டாள் என்று தலைவியும் கலங்கினாராம். அவரை ஐயுற்றவர்கள் பகைவர்களல்லர். ஒரே அப்பத்தை உடன் உண்ட சொந்தச் சபையினர். ஆயரைப் பற்றி இவ்வாறு ஐயுற்றதாகக் கடிதத்தில் இல்லை. அடிமையைப் பற்றித்தான் ஐயம் எழுந்தது.

காலை தொடங்கி மாலை வரை வதைப்போர் ஆள் மாற்றி ஆள் மாற்றி அவரை வதைத்தனர். கடைசியில் களைத்துப்போனவர்கள் வதைத்தவர்களே. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, இந்த உடம்பில் இன்னும் உயிர் எப்படி இருக்கிறது என்று அவர்களே வியந்தனராம். அந்த நாள் முழுவதும் அம்மையாரிடமிருந்து அவர்கள் பெற்ற வாக்குமூலம் இரண்டே செய்திகள்: தாம் கிறித்தவர் என்பது ஒன்று; தம் கூட்டத்தாரிடையே தீச்செயல் எதுவும் நிகழ்வதில்லை என்பது மற்றொன்று. இவற்றைச் சொல்லச் சொல்ல அவருக்கு வலிமை திரும்பி வந்தது என்று கடிதம் கூறுகிறது.

அன்பர்களே, இந்த இரண்டாம் செய்தியைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. முதற்செய்தியை நம்பிக்கை என்று பாராட்டிவிட்டு அப்பால் போய்விடுகிறார்கள். அம்மையாருடைய அஞ்சாமை பெரிதும் விளங்குவது இரண்டாவதில் என்பது என் கருத்து. அவரிடமிருந்து அந்த மன்றம் பெற விரும்பியது ஒரு பொய். உன் மக்கள் பிள்ளைக்கறி தின்பவர்கள், தூய்மையற்றவர்கள் என்று உன் வாயாலேயே சொல் என்பதே அன்று நடந்த வதையின் நோக்கம். தாழ்த்தப்பட்டவனைத் தாழ்த்தி வைப்பவர்களுக்குத் தங்கள் வாயால் அவனை இழிந்தவன் என்று சொல்லுவது போதாது. நான் இழிந்தவன் என்று அவனே சொல்லக் கேட்க வேண்டும். அதனை அம்மையார் சொல்லவில்லை. எங்களிடம் குற்றமில்லை என்பதை உயர்குடிப் பிறந்த வெத்தியு சொல்ல முயன்றபோது மன்றம் வாயடைத்தது. அதே செய்தியை ஓர் அடிமை, அடிமைக்கென்று சட்டம் வகுத்த அதே வதையின் வழியாகவே, மன்றத்தின் பதிவில் ஏற்றிவிட்டார். அவர்களுடைய விதிப்படி அது செல்லுபடியாகும் சாட்சியம். ஆனால் அவர்கள் கேட்க விரும்பிய சாட்சியமாக அது அமையவில்லை.

இங்கே என் இளமைக்கால நிகழ்ச்சி ஒன்றைக் கூற அனுமதியுங்கள். எங்கள் ஊரில் அறுவடைக் கூலியைக் கூட்டித் தரவேண்டும் என்று ஆட்கள் கேட்டுப் பூசல் எழுந்த ஓர் ஆண்டு. அப்போது வெளியூரிலிருந்து வந்த ஒருவர் எங்கள் சிறு கோயிலில் இரத்தசாட்சிகளைப் பற்றி உரையாற்றினார். அவர்கள் எவ்வளவு பொறுத்தார்கள் பாருங்கள், நீங்களும் பொறுத்துக்கொள்ளுங்கள் என்பதே உரையின் முடிவு. உரை முடிந்து வீடு திரும்பும் வழியில் என் தந்தையார் நெடுநேரம் பேசாமல் வந்தார். பிறகு, "அவங்கெல்லாம் பொறுத்ததாச் சொன்னாரே, யாருக்கு அடங்கிப் போனாங்கன்னு சொல்லலியே" என்றார். எழுத்தறியாத அவர் கேட்ட அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் நான் இந்நூல்களைப் படிக்கத் தொடங்கினேன் என்று சொன்னால் மிகையன்று. படித்த அளவில் நான் கண்ட விடை, அவர்கள் ஒருவருக்கும் அடங்கிப் போகவில்லை என்பதுதான். அடங்கியிருந்தால் பின்னர் விடுதலை பெற்றிருப்பார்கள். மறுப்போரை விடுதலை செய்க என்றே பேரரசரின் ஆணை பின்னர் வந்தது. பொறுமை வேறு, பணிவு வேறு. இரத்தசாட்சிகளின் வரலாற்றைக் கொண்டு பணிவைப் போதிப்பவர்கள் அவ்வரலாற்றைத் தலைகீழாகப் படிக்கிறார்கள்.

பேரரசரைக் குறிப்பிட்டேன். அவர் கொடுங்கோலன் என்று பெயர் பெற்ற நீரோ அல்லர். மார்க்கஸ் அவ்ரேலியஸ். தத்துவ அறிஞர். அவர் தமக்குத் தாமே எழுதிக்கொண்ட சிந்தனைகளை இன்றும் உலகம் போற்றிப் படிக்கிறது. அடிமையாக வாழ்ந்து விடுதலை பெற்ற எபிக்டெட்டசு என்னும் ஞானியின் உரைகளைத் தமக்கு அறிமுகம் செய்த ஆசிரியருக்கு அந்நூலில் நன்றி கூறுகிறார். ஓர் அடிமையின் அறிவுரையைத் தலைமேற்கொண்ட அரசரின் ஆட்சியில் மற்றோர் அடிமைக்கு நேர்ந்தது இது. நல்லவர் ஒருவர் மேலே அமர்ந்துவிட்டால் கீழே எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணியிருப்போர் இதனைச் சற்றே சிந்திக்கலாம்.

சாவிலும் அங்கே மேல் கீழ் இருந்தது. உரோமைக் குடியுரிமை உடையவர்க்கு வாளால் தலை துணிக்கப்படும். ஏனையோர் விலங்குகளுக்கு இரையாக்கப்படுவர். பெர்காமு ஊரினராகிய அத்தாலு என்பவர் உரோமைக் குடிமகன் என்று தெரிந்ததும் ஆளுநர் அவரைத் திருப்பியனுப்பிப் பேரரசருக்கு எழுதிக் கேட்டார். தலையைத் துணிக்கலாம் என்று விடை வந்தும், கூட்டத்தை மகிழ்விப்பதற்காக அவரையும் விலங்குகளின்முன் விட்டார் என்பது வேறு. தொண்ணூறு வயதைக் கடந்த ஆயர் பொத்தினு, அடிபட்டு, சிறையில் இரண்டு நாளில் உயிர்நீத்தார். வியன் ஊர்ச் சபையின் திருத்தொண்டர் சாங்து என்பவர், பெயரென்ன, ஊரென்ன, அடிமையா உரிமையாளனா என்று கேட்ட கேள்விகளுக்கெல்லாம் தாம் கிறித்தவர் என்பதையே இலத்தீன் மொழியில் விடையாகத் தந்தார். ஊரும் பிறப்பும் கேட்டு மனிதனை எடைபோடுபவர்களுக்கு இதனினும் சிறந்த விடை உண்டா என்று நான் எண்ணுவதுண்டு.

மறுத்தவர்களும் இருந்தனர். ஏறத்தாழப் பத்துப்பேர் முதலில் தளர்ந்துவிட்டனர். பிப்லியா என்னும் பெண் மறுத்துவிட்டார். அவர் வாயாலேயே தம் மக்களைப் பழிக்கச் செய்யலாம் என்று கருதி அவரை மீண்டும் வதைத்தனர். வதையின் நடுவே தூக்கத்திலிருந்து விழித்தவர் போன்று அவர் தெளிந்தார். விலங்கின் இரத்தத்தையும் உண்ணலாகாது என்று விலக்கியிருப்பவர்கள் பிள்ளைகளை எங்ஙனம் தின்பார்கள் என்று திருப்பிக் கேட்டார். அவரும் சாட்சிகளோடு சேர்ந்தார். சிறையிலிருந்தவர்கள் தளர்ந்தோரை இகழவில்லை. அவர்களுக்காகக் கண்ணீர் விட்டு மன்றாடினர் என்று யுசேபியு எழுதுகிறார். தங்களைச் சாட்சிகள் என்று பிறர் அழைத்தபோதும் அப்பட்டத்தை அவர்கள் ஏற்கவில்லையாம். வீழ்ந்தவனைத் துரோகி என்று எளிதில் ஏசிவிடும் நம் இயக்கங்களுக்கு, என்னையும் உட்படுத்திக்கொண்டே சொல்லுகிறேன், இது கற்க அரியதொரு பாடம்.

பிளாந்தினா அம்மையாரை ஒரு நாள் அரங்கில் ஒரு மரத்தில் தொங்கவிட்டு விலங்குகளை ஏவினர். கைவிரித்துத் தொங்கிய அவரைக் கண்ட ஏனையோர்க்குச் சிலுவையில் தொங்கிய தங்கள் ஆண்டவரே தோன்றினார் என்று கடிதம் கூறுகிறது. அன்று எந்த விலங்கும் அவரைத் தொடவில்லை. இறக்கிச் சிறைக்குக் கொண்டுபோயினர். முடிவு நாளில் பொந்திக்கு என்னும் பதினைந்து வயதுச் சிறுவனோடு அவரை மீண்டும் கொண்டுவந்தனர். அதற்கு முன் நாள்தோறும் அவ்விருவரையும் அழைத்துவந்து பிறர் படும் வதைகளைக் காணச் செய்திருந்தனர். சிறுவன் அஞ்சிவிடாதபடி அம்மையார் அவனுக்கு ஊக்கமூட்டிக்கொண்டிருந்ததை அயலாரும் கண்டனர். அவன் முந்தினான். எல்லார்க்கும் கடைசியாக அம்மையார் நின்றார். சாட்டையடி, விலங்குகள், பழுக்கக் காய்ச்சிய இரும்பிருக்கை ஆகிய எல்லாவற்றிற்கும் பின், வலையில் சுற்றி ஒரு காளையின்முன் எறிந்தனர். தங்கள் பெண்களுள் ஒருத்தியும் இத்துணை தாங்கியதில்லை என்று பகைவரே ஒப்புக்கொண்டனர்.

அந்த இறுதிக் காட்சியில் கடிதம் எழுதியவர்கள் அம்மையாரைத் தம் பிள்ளைகளை வெற்றியோடு முன்னே அனுப்பிவிட்டுப் பின்தொடரும் தாய்க்கு ஒப்பிடுகிறார்கள். தாய் என்பதற்கு அவர்கள் சேர்த்த கிரேக்க அடைமொழிக்கு நேர்பொருள், நற்குடியிற் பிறந்தவர் என்பது. எண்ணிப் பாருங்கள். உரோமைச் சட்டப்படி அடிமைக்குக் குடி இல்லை. முறையான மணம் இல்லை. அவள் வயிற்றில் பிறக்கும் பிள்ளையும் அவளுடையதன்று, உடையவனுடையது. அத்தகைய ஒருவருக்கு "நற்குடித் தாய்" என்ற பெயரை, முன்பு அவரைக் குறித்து அஞ்சிய அதே மக்கள் எழுதினார்கள். மனிதர் இழிந்ததெனத் தள்ளுவது கடவுளிடத்தில் மதிப்புப் பெறும் என்று அம்மையாரைக் கொண்டு கிறித்து காட்டினார் என்றும் அவர்கள் எழுதினார்கள். தாங்கள் முன்பு எண்ணியது தவறு என்று தங்கள் கையாலேயே பதிந்து வைத்த அந்தச் சபையினரை நான் மதிக்கிறேன். இத்தகைய ஒப்புதல் நம் நாட்டுச் சபைகளில் எத்தனை இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது என்பதை அவரவர் ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் நடுச்சுவரைப் பார்த்தே கூறலாம்.

கொன்றும் பகை தீரவில்லை. உடல்களை ஆறு நாள் வெட்டவெளியில் போட்டுவைத்து, பின் எரித்து, சாம்பலை ரோன் ஆற்றில் கரைத்துவிட்டனர். அவர்கள் உயிர்த்தெழுவோம் என்று நம்புகிறார்கள். எழட்டும் பார்ப்போம் என்றனராம். அடையாளம் ஏதும் எஞ்சலாகாது என்பது நோக்கம். ஆனால் ஒரு கடிதம் எஞ்சியது. அன்று அச்சபையில் மூப்பராக இருந்த இரனேயு, பொத்தினுவுக்குப்பின் ஆயரானார்.

இக்கடிதத்தைப் பற்றிக் கல்விச் சங்கத்தாருக்குத் தனியே ஒன்று சொல்ல வேண்டும். அதில் சிலர்க்குப் பெயருண்டு, சிலர்க்குப் பெயரில்லை. தீர்ப்பளித்த ஆளுநரின் பெயர் அதில் இல்லை. அம்மையாரை விலைக்கு உடைமையாக வைத்திருந்த தலைவியின் பெயரும் இல்லை. அடிமையின் பெயர் இருக்கிறது. உலக வரலாற்றில் இது மிக அரிது. சந்தைக் கணக்கில் ஆடு மாட்டோடு எண்ணப்பட்டவர்களுக்கு நூலில் பெயர் கிடைப்பதில்லை. ஆயினும் ஒரு குறையுண்டு. அம்மையார் தம் கையால் எழுதிய ஒரு வரியும் நம்மிடம் இல்லை. கார்த்தேசு நகரில் 203ஆம் ஆண்டில் பெர்பெத்துவா என்னும் இளம் பெண்ணும் பெலிசித்தா என்னும் அடிமைப் பெண்ணும் ஒன்றாக இறந்தனர். கல்வி கற்ற பெர்பெத்துவா தம் சிறைநாட்களைத் தாமே எழுதி வைத்தார். அவர் கண்ட கனவுகளும், தந்தையோடு நிகழ்த்திய உரையாடல்களும், கைக்குழந்தையைக் குறித்துப் பட்ட வேதனையும் நமக்குத் தெரியும். எட்டாம் மாதத்திலேயே சிறையில் குழந்தை பெற்ற பெலிசித்தா என்ன நினைத்தார் என்பது அவர் வாய்மொழியாகப் பிறர் எழுதிய சில சொற்களின் அளவுக்கே தெரியும். இருவரும் ஒரே அரங்கில் இறந்தவர்கள். ஒருவர்க்கு ஏடும் எழுத்தும் இருந்தன. இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கம் செய்துவரும் பணியின் அருமையை எடுத்துக்காட்ட இதற்குமேல் எனக்கு ஒப்புமை தோன்றவில்லை.

லியோன் நகரின் குன்றுச் சரிவில் அந்த அரங்கின் சிதைவுகள் இன்றும் இருக்கின்றன. அது எந்த இடம் என்பதில் நெடுங்காலம் ஐயம் இருந்தது. 1958இல் கிடைத்த ஒரு கல்வெட்டு அந்த ஐயத்தைத் தீர்த்தது. அரங்கைக் கட்டிக்கொடுத்த செல்வரின் பெயர் அக்கல்லில் பெரிதாக வெட்டப்பட்டிருக்கிறது. அவ்வூருக்குச் செல்வோர் அதனைத் தேடிப் போவதில்லை. அரங்கின் நடுவே நினைவாக ஒரு கம்பம் நடப்பட்டிருக்கிறது. பிளாந்தினா அம்மையார் தொங்கிய மரத்தின் நினைவு அது. அங்கேதான் போய் நிற்கிறார்கள்.